வயலுக்கு ஒரு கொட்டில்: ஸ்வேல்டேல் கல் கட்டடங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் மேல் கோடியில் ஸ்வேல் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு ஸ்வேல்டேல். கெல்ட், த்வெயிட், மியூக்கர், கன்னர்சைடு என்று ஆற்றையொட்டி வரிசையாகச் சிறு கிராமங்கள். கன்னர்சைடுக்கு மேலே சரிவில் ஏறி நின்று பார்த்தால், ஆற்றங்கரைச் சமவெளி முழுக்கக் கல்வேலி போட்டுப் பிரித்த புல்வயல்கள் தெரியும். கிட்டத்தட்ட வயலுக்கு ஒன்று என்று கல் கொட்டில்களும் தெரியும். தூரத்துக்கு வீடு மாதிரி இருக்கும். ஆனால் புகைபோக்கி கிடையாது, ஜன்னல் கிடையாது, வாசலுக்குப் பாதையும் கிடையாது. ஸ்வேல்டேலும் அதன் கிளைப் பள்ளத்தாக்கான ஆர்க்கன்கார்த்டேலும் சேர்ந்த பகுதியில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல் நிற்கின்றன. பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை.

ஒரு பண்ணைக்கு ஒரு பெரிய களஞ்சியம் போதாதா? எதற்கு இத்தனை? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் இவற்றைக் காப்பாற்றும் முயற்சிகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதும் புரியும்.

பெரியது ஒன்றா, சிறியது ஆயிரமா

இங்கிலாந்தின் கல் களஞ்சியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தெற்கே ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரில் இருக்கும் கிரேட் காக்ஸ்வெல். பியூலி மடத்து சிஸ்டெர்சியத் துறவிகள் 1290-களில் கட்டியது. நீளம் சுமார் 46 மீட்டர், அகலம் 13 மீட்டர், உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். ஓக் மரத்தூண்கள் கல் பீடங்களின் மேல் நின்று கூரையைத் தாங்குகின்றன. பக்கத்திலேயே கெல்ம்ஸ்காட்டில் வாழ்ந்த 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் இதைத் தேவாலயத்துக்குச் சமமாக வைத்துப் பேசினார். அது தானியம் விளையும் பூமி. நிலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. கதிரறுத்து ஒரே இடத்தில் குவித்து, பூட்டி, கணக்கெழுத வேண்டும். அதற்கு ஒற்றைப் பெருங்கட்டடம்தான் சரி.

ஸ்வேல்டேலில் இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. மழையும் குளிரும் அதிகம், வளர்காலம் குறைவு. அங்கே விளைவது புல்தான். நிலமும் ஒரு கையில் இல்லை. மேல் ஸ்வேல்டேலில் குத்தகை உரிமையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததால், ஒரு குடும்பத்துக்கு இங்கே ஒரு துண்டு, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு துண்டு என்று நிலம் சிதறிப் போனது. பலர் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாலைந்து மாடு வைத்திருந்தவர்கள். சுரங்கக் கூலி கையில் வரும், புல்வயலும் மாடும் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈய விலை விழுந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது நிறையக் குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டே போயின. கொட்டில்கள் மட்டும் போகவில்லை.

இப்போது சுமைக் கணக்கைப் பாருங்கள். ஜூலை பிற்பாதியில் புல்லை அறுத்து, வெயில் அடிக்கிற இரண்டு மூன்று நாளுக்குள் திருப்பிப் போட்டுக் காயவைத்து, அடுத்த மழைக்கு முன் கூரைக்குக் கீழே கொண்டு போக வேண்டும். சரிவான நிலத்தில் சக்கர வண்டி உருண்டுவிடும் என்பதால், குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில்தான் புல்லை இழுத்தார்கள். அதை ஒன்றரை மைல் தள்ளி இருக்கும் வீட்டுக்கு இழுப்பதா, அதே வயலின் மூலைக்கு இழுப்பதா? குளிர்காலம் வந்ததும் மாடுகளைப் புல் இருக்கும் இடத்துக்கு ஓட்டிவிட்டார்கள். நவம்பரிலிருந்து மே வரை மாடு அங்கேயே கட்டிக் கிடக்கும். தின்னும் புல் அந்த வயலின் புல், போடும் சாணம் அந்த வயலுக்கே எரு. வசந்தத்தில் வாசலில் குவிந்த எருவை வாரி அந்த நிலத்திலேயே இறைத்துவிடுவார்கள். புல்லும் நகரவில்லை, எருவும் நகரவில்லை. நடந்தது மனிதர் மட்டும்தான். காலையிலும் மாலையிலும், பனி கொட்டினாலும், ஒவ்வொரு கொட்டிலாகப் போய்ப் பால் கறந்து, தீனி போட்டு, சாணம் தள்ளிவிட்டு வர வேண்டும்.

எத்தனை வயலோ அத்தனை கொட்டில் என்பதற்கு இதுதான் காரணம். சரக்கைத் தூக்குவதற்குப் பதிலாக ஆள் நடந்துவிடுவது என்று ஒரு ஊரே முடிவு செய்தால் நிலம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால்

ஒரு சாதாரணக் கொட்டில் நம் கணக்குக்கு இரண்டு நடுத்தர அறை அளவுதான் வரும். உள்ளே பாதி மாட்டுக்கு, பாதி புல்லுக்கு. மாட்டுப் பக்கத்துக்கு மேலேயும் ஒரு பரண் உண்டு, அதிலும் புல். சரிவில் கட்டியதால் பல கொட்டில்களில் மேட்டுப் பக்கத் தரை பரணின் உயரத்துக்கே வந்துவிடும். அந்தப் பக்கச் சுவரில் மரக்கதவு போட்ட சதுரத் துளை ஒன்று இருக்கும். சறுக்கு வண்டியை அதன் அருகே நிறுத்தி, கவைக்கோலால் குத்தி உள்ளே தள்ளினால் புல் பரணில் விழும். பள்ளத்துப் பக்கம் மாடு போகும் வாசல், தாழ்வாக, ஒரு மாடு மட்டும் நுழையும் அகலத்தில். அதே சுவரிலோ பக்கத்திலோ முழங்கால் உயரத்தில் இன்னொரு சின்னத் துளை, சாணத்தை வெளியே தள்ள.

உள்ளே தரை முழுக்கக் கல் பாவியிருப்பார்கள். மாடு நிற்கும் இடம் ஒரு படி உயரம். அதன் பின்னால் சாணமும் மூத்திரமும் விழ ஒரு சாக்கடை. இரண்டு மாட்டுக்கு ஒரு தடுப்பு, பெரும்பாலும் ஒற்றைக் கல் பலகையைச் செங்குத்தாக நிறுத்தியது. உள்ளூர்க்காரர்கள் அதை போஸ்கின் என்பார்கள். அந்தப் பலகையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், தலைமுறை தலைமுறையாக மாடுகள் உரசி உரசிக் கல் வழவழவென்று மெருகேறியிருக்கும். மாட்டைக் கட்டும் மரத்தண்டு, அதில் மேலும் கீழும் ஓடும் வளையம், எல்லாம் சில கொட்டில்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி இருக்காது. பக்கத்தில் ஓடும் ஓடைக்கு மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். கொட்டில் கட்டும் இடத்தைத் தேர்ந்ததில் ஓடைக்கும் பங்கு உண்டு.

விளக்கு கிடையாது. காற்றுக்குச் சுவரில் சில குறுகலான பிளவுகள். புல் முழுக்கக் காயாமல் உள்ளே போனால் சூடேறிப் புகையும், தீயே பிடிக்கும். அதனால் காற்று வேண்டும், மழை கூடாது. பிளவு வெளியே குறுகி உள்ளே விரிவது அதற்குத்தான்.

சுவர்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுமார் இரண்டடித் தடிமன். வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, நடுவில் கல்சில்லும் மண்ணும். இந்த இரண்டு முகமும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் இருக்க, குறிப்பிட்ட உயரத்துக்கு ஒரு வரிசை நீளக்கற்களைக் குறுக்கே படுக்க வைத்துக் கோத்திருப்பார்கள். அந்தக் கல்லின் முனையை வெட்டிச் சமப்படுத்தவில்லை, அப்படியே வெளியே துருத்தி நிற்கிறது. இரண்டு, மூன்று வரிசையாகச் சுவர் முழுக்க நிழல் விழும். அலங்காரம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் வேலையை மிச்சம் பிடித்ததன் அடையாளம் அது. யாரும் பார்க்காத கொட்டிலுக்குக் கல் முனையைச் செதுக்கக் கூலி கொடுப்பானேன்? மூலைக்கற்களும் வாசல் நிலைக்கற்களும் மட்டும் ஓரளவு செதுக்கியவை. சில நிலைக்கல்லில் கட்டியவரின் பெயரெழுத்தும் ஆண்டும் இருக்கும்.

கல்லுக்கு எங்கும் போகவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பாறை சுண்ணாம்புக்கல், மணற்கல், களிப்பாறை என்று அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வருவது. அதில் மணற்கல்லின் சில அடுக்குகள் பலகை பலகையாகப் பிளக்கும். கூரை ஓடு அதிலிருந்து. ஓடுகளைத் தரம் பிரித்து, பெரியதும் தடித்ததும் இறவாரத்தில், மேலே போகப் போகச் சிறியது, முகட்டில் மிகச் சிறியது என்று அடுக்குவார்கள். ஒவ்வொரு ஓட்டின் தலையிலும் ஒரு துளை. அதில் ஓக் மர முளையைச் செருகி ரீப்பரில் மாட்டிவிடுவது. மரம் கிடைக்காத இடங்களில் ஆட்டெலும்பையே முளையாகச் செருகியிருக்கிறார்கள். ஆடு எங்கும் நிறைந்த ஊர், எலும்புக்குப் பஞ்சமா? ஓட்டுக்கடியில் குளிர்காற்று புகாமல் பாசியை அடைத்ததும் உண்டு.

இந்தக் கூரையின் எடை சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கும் மரம் பெரும்பாலும் பழைய கட்டடத்திலிருந்து கழற்றி வந்தது, ஏனென்றால் மரத்துக்கு அங்கே எப்போதுமே தட்டுப்பாடு. கைமரத்தில் சம்பந்தமே இல்லாத இடத்தில் பொருத்துத்துளை இருந்தால், அது முன்பு வேறு கூரையில் இருந்தது என்று அர்த்தம்.

எப்படிக் காலியாயிற்று

தினம் இரண்டு முறை நடப்பதற்கு ஆள் இருந்தவரைதான் இந்த ஏற்பாடு. பால் விற்பனை முறைப்பட்டு, சுகாதார விதிகள் இறுகியதும் கறவை மாடு பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கொட்டில்களில் கிடாரிகள் மட்டும் மிஞ்சின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர் வந்தது. இருபது மாடு நாலு கொட்டிலில் இருந்த இடத்தில், இரும்புத் தூணும் தகரக் கூரையும் போட்ட ஒரே கொட்டகைக்குள் அறுபது மாடு. தூரம் இப்போது பிரச்சினையே இல்லை, ஆள்தான் பிரச்சினை.

கட்டட அளவே எதிரியானது இங்கேதான். டிராக்டர் அந்த வாசலில் நுழையாது. உருளைக்கட்டாகச் சுற்றிய புல் பரண் துளையில் புகாது. பிளாஸ்டிக் சுற்றிய கட்டுக்குக் கூரையே தேவையில்லை, வயலோரத்தில் கிடந்தாலும் கெடாது. கொட்டிலின் ஒவ்வொரு துளையும் மனிதத் தோளுக்கும் ஒற்றை மாட்டுக்கும் அளவெடுத்தது. அந்த அளவுதான் இன்று நமக்கு அழகாகத் தெரிகிறது, விவசாயிக்குத் தொல்லையாகவும் இருக்கிறது.

வேலை போனால் முதலில் நிற்பது பராமரிப்பு. பழைய நாளில் புல் ஏற்றப் பரணுக்குப் போகிறவர் கூரையில் வெளிச்சம் தெரிந்தால் அன்றைக்கே நழுவிய ஓடுகளைத் தள்ளி வைத்துவிடுவார். யாரும் போகாத கொட்டிலில் ஒரு முளை உளுத்து ஓர் ஓடு நழுவும். மழை ரீப்பரில் இறங்கும், பிறகு கைமரத்தின் அடிப்பகுதியில். கைமரம் சுவரில் உட்காரும் இடம்தான் முதலில் அழுகும். கூரை ஒரு பக்கம் சாயும். அப்புறம் சுவரின் தலை திறந்துவிடும். நடுவிலிருக்கும் மண்ணும் சில்லும் நீரில் கரைந்து கீழே இறங்கி அடியில் சேரும், சுவர் வயிறு தள்ளும். கோப்புக்கல் எவ்வளவு நல்லதானாலும் நடுப்பகுதி போனபின் தாங்காது. ஓர் ஓட்டிலிருந்து இடிபாடு வரை எல்லாம் கூரையில்தான் தொடங்குகிறது, சுவரில் அல்ல.

நல்லெண்ணத்தோடு செய்த தவறுகளும் இருக்கின்றன. பழைய காரை உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசிவிடுவது அதில் முதன்மையானது. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. ஈரம் கல்லுக்குள்ளேயே அடைபட்டு, உறைபனியில் விரிந்து, கல்லின் முகத்தை உரித்துவிடும். பத்து வருடம் பளிச்சென்று இருக்கும், அதன்பிறகுதான் விஷயம் தெரியும்.

காப்பாற்ற நடந்தவை

1987-இல், ஸ்வேல்டேலும் அடங்கிய பெனைன் டேல்ஸ் பகுதி, சுற்றுச்சூழல் முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் முதல் சுற்றில் வந்தவற்றில் இதுவும் ஒன்று. புல்லைத் தாமதமாக அறுக்கவும், ரசாயன உரத்தைக் குறைக்கவும், வேலியையும் கொட்டிலையும் பேணவும் விவசாயிக்குப் பணம் கொடுத்தார்கள். 1989-இல் ஸ்வேல்டேலும் ஆர்க்கன்கார்த்டேலும் கொட்டில்-கல்வேலிப் பாதுகாப்புப் பகுதியாயின. வழக்கமாக ஒரு தெருவையோ கிராமத்தையோதான் இப்படி அறிவிப்பார்கள். ஒரு முழு விவசாய நிலப்பரப்பைச் சேர்த்துக்கொண்டது அபூர்வம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. மியூக்கரின் புல்வயல்கள் இன்று பூக்களுக்குப் பெயர் பெற்றவை. ஜூன் மாதம் ஊதா நிற வுட் கிரேன்ஸ்பில், மஞ்சள் பட்டர்கப், கருஞ்சிவப்பு கிரேட் பர்னெட் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். யெல்லோ ராட்டில் என்ற செடி புல்லின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சிப் புல்லை அடக்கி வைப்பதால்தான் மற்றப் பூக்களுக்கு இடம் கிடைக்கிறது. அளவான தொழுவெரு, தாமதமான அறுப்பு, விதை உதிர நேரம் என்று கொட்டில் விவசாயம் செய்ததெல்லாம் இந்தப் பூக்களுக்குச் சாதகமானது. கொட்டிலை மட்டும் பழுது பார்த்துவிட்டுச் சுற்றியுள்ள வயலில் ரசாயன உரம் போட்டு ஒற்றைப் புல்லை வளர்த்தால், கட்டடம் நிற்கும், அது எதற்காக நின்றது என்பதைச் சொல்ல எதுவும் இருக்காது.

வீடாக மாற்றும் கேள்விதான் அதிகச் சண்டை கிளப்பியது. 2014-இல் இங்கிலாந்தில் விவசாயக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்று அரசு விதியைத் தளர்த்தியது. முதலில் தேசியப் பூங்காக்களையும் சேர்க்கும் யோசனை இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா ஆணையம் 2016 டிசம்பரில் ஏற்ற உள்ளூர்த் திட்டத்தில் நடுவழி ஒன்றை எடுத்தது: ஊருக்குள்ளோ, ஏற்கெனவே இருக்கும் கட்டடக் கூட்டத்திலோ, சாலையோரத்திலோ உள்ள பழைய கொட்டில்களை மாற்றலாம், வயல் நடுவே தனியாக நிற்பவற்றைப் பொதுவாகக் கூடாது.

விதியின் காரணம் நியாயமானது. வயல் நடுவில் வீடு என்றால் பாதை, மின்கம்பம், கழிவுநீர்த் தொட்டி, கார் நிறுத்துமிடம், இரவில் வெளிச்சம். ஜன்னல் இல்லாத சுவரில் ஜன்னல் வெட்ட வேண்டும். கூரையில் கண்ணாடி. பரணையும் போஸ்கினையும் அகற்றாமல் சமையலறை வராது. வெளித்தோல் மிஞ்சும், உள்ளே கொட்டில் இருந்ததே தெரியாது. ஆனால் இந்த விதியின் மறுபக்கத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சாலையோரக் கொட்டிலுக்குச் சந்தை மதிப்பு வந்துவிட்டது, யாராவது பணம் போட்டுக் காப்பாற்றுவார்கள். வயல் நடுவே நிற்பதுதான் 1989 அறிவிப்புக்கே காரணமான காட்சி, அதற்குத்தான் எந்த வருமானமும் இல்லை. மானியம் ஒன்றே வழி என்றாகிவிட்டது. மானியம் வரும், அரசு மாறினால் போகும்.

2018-இல் யார்க்‌ஷயர் டேல்ஸ் உள்ளிட்ட ஐந்து தேசியப் பூங்காக்களில் பழைய பண்ணைக் கட்டடங்களைச் சீரமைக்க ஒரு முன்னோடி மானியத் திட்டம் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், வீடாக்குவதை விட்டுவிட்டு விவசாயப் பயன்பாட்டுக்கே கட்டடத்தை மீட்டது. உள்ளூர்க் கல், சுண்ணாம்பு, பழைய முறை. வௌவாலும் ஆந்தையும் குடியிருக்கும் கட்டடங்கள் இவை. வௌவாலுக்கு 1981 வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதால் வேலைக்கு முன்பே ஆய்வு செய்து, அது குட்டி போடும் காலத்தையும் உறங்கும் காலத்தையும் தவிர்த்து வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். சாரம் கட்டக் கிடைக்கும் மாதங்கள் குறைவு, அதிலும் மழை. செலவு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய முட்டுக்கட்டை ஓடுதான். மணற்கல் ஓடு வெட்டிய சின்னச் சின்னக் கல்குவாரிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கின்றன. புது ஓடு கிடைப்பது அரிது, விலையும் அதிகம். எல்லோரும் பழைய ஓட்டைத் தேடுகிறார்கள். பழைய ஓடு எங்கிருந்து வரும்? இன்னொரு பழைய கூரையிலிருந்துதான். ஒரு கொட்டிலைக் காப்பாற்ற இன்னொன்றை மொட்டையடிக்கும் நிலை. ஓடு திருட்டும் நடக்கிறது, சாலையிலிருந்து தெரியாத கொட்டிலில் ஆளில்லாத இரவில்.

என் கணிப்பு

ஆயிரத்தையும் காப்பாற்ற முடியாது. அதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் பணத்தை எங்கே போடுவது என்று தெளிவாக யோசிக்கலாம். பத்துக் கொட்டிலை முழுமையாகப் புதுப்பிப்பதைவிட நூறு கொட்டிலில் நழுவிய ஓட்டை ஏற்றி, அழுகிய கைமர முனைக்குப் புது மரம் சேர்த்து விடுவது நல்லது என்பது என் எண்ணம். கூரை இறுக்கமாக இருந்தால் சுவர் இன்னும் நூறு வருடம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். மானியத் திட்டங்கள் முழுச் சீரமைப்பையே விரும்புகின்றன, ஏனென்றால் முன்-பின் படம் எடுத்துக் காட்ட அதுதான் வசதி. வருடா வருடம் ஓடு சரிபார்க்க ஒரு விவசாயிக்குச் சிறு தொகை கொடுப்பதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை.

தேர்வு செய்யும்போது தனிக்கட்டடமாகப் பார்க்காமல் வயலும் வேலியும் கொட்டிலும் இன்னும் ஒன்றாக இருக்கும் கூட்டங்களை முதலில் எடுக்க வேண்டும். மியூக்கரைச் சுற்றியும் கன்னர்சைடு சமவெளியிலும் அவை இருக்கின்றன. பரணும் போஸ்கினும் உள்ளே அப்படியே இருப்பவற்றுக்கு அடுத்த இடம். உள்ளே ஏற்கெனவே காலியாகி, சாலையோரமாக நிற்பதை வீடாக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊரில் வேலை பார்க்கும் இளைஞருக்கு அது வாடகைக்குக் கிடைக்குமானால் இன்னும் நல்லது, விடுமுறை வீடாகப் போவதைவிட.

விவசாயப் பயனும் முழுக்கச் செத்துவிடவில்லை. ஸ்வேல்டேல் ஆடு குட்டி போடும் பருவத்தில் பனி கொட்டினால் தாயையும் குட்டியையும் அடைக்க இந்தக் கொட்டிலைப் போல வசதியான இடமில்லை. நாலு சக்கர பைக்கில் தீனியைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகலாம். வேலிக்கம்பும் கம்பிச் சுருளும் வைக்கும் கிடங்காகவும் பலது ஓடுகிறது. மாதம் ஒரு தடவையாவது யாரோ ஒருவர் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கிறார் என்றால் அந்தக் கூரைக்கு அது பெரிய காரியம்.

இடிந்துபோனவற்றுக்கு ஒரே ஒரு விதி போதும்: கல்லும் ஓடும் பள்ளத்தாக்கை விட்டு வெளியே விலைக்குப் போகக் கூடாது. ஓட்டைக் கீழிறக்கி, அளவு வாரியாகப் பிரித்து, சுவருக்குள்ளேயே செங்குத்தாகச் சாய்த்து வைத்தால், பக்கத்து வயல் கொட்டிலின் இறவாரத்துக்கு வேண்டிய பெரிய ஓடு அங்கேயே கிடைக்கும்.